பெரியப்பாவின் சட்டைப்பையில் வைஃபை

வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டு இறங்கியதும் இடது கைப்பக்கம் இருப்பது அவருடைய கவுண்டர். உள்ளே ஆள் நின்றால் இரண்டு முழங்கையும் பலகையில் இடிக்கும். வளைந்த கழுத்துள்ள ஒரு விளக்கு, அதன் கீழே ரப்பர் விரிப்பு, விரிப்பின் மேல் திருகாணிகளை மாடல்வாரியாகப் பிரித்துப் போட்ட மாத்திரை டப்பா. தண்ணீரில் விழுந்தவை, சக்கரத்தில் நசுங்கியவை, கோபத்தில் சுவரில் எறியப்பட்டவை என்று பிழைக்குமா பிழைக்காதா என்ற நிலையிலுள்ள ஃபோன்கள்தான் அவரிடம் வரும். அதனால் பக்கத்துக் கவுண்டர்காரர்கள் அவருக்கு ஐசியூ என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை.

வேலை தெரிந்தவர் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அவர் பிழைக்க வைத்தவற்றில் கணிசமானவை சில மாதங்களில் மறுபடி அவரிடமே வந்து படுத்தன. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய விஷயம் வேறு. அவர் பொறாமைக்காரர். மற்றவர்களுக்குப் பொறாமை எப்போதாவது வரும் காய்ச்சல். அவருக்கு அது கண், காது மாதிரி ஒரு புலன். பக்கத்துக் கவுண்டரில் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே அவர் கையிலிருக்கும் ட்வீசர் ஒரு நொடி நின்றுவிடும். டீ கொண்டுவருபவர் முதல் டம்ளரை யார் பலகையில் வைக்கிறார் என்று தலை நிமிராமலே பார்த்துவிடுவார். ஆனால் அதனால் யாருக்கும் கெடுதல் செய்தவரில்லை. எரிச்சல் முழுவதையும் உள்ளேயே வைத்துக்கொள்வார். அதை ஒரு நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பது சந்தேகம்தான்.

அவரிடம் பிறர் பொறாமைப்படும்படி ஒன்று இருந்தது என்றால் அது கவுண்டருக்கு உள்ளே கிடந்த முக்காலி. பள்ளிக்கூடம் வளாகத்துக்குப் பின்தெருவில். பள்ளி விட்டதும் அவருடைய ஒரே மகள் வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். கடை சாத்தும் வரை வீட்டுப்பாடம் எழுதுவாள், திருகாணி பிரிப்பாள், அப்பா உருப்பெருக்கியில் பார்ப்பதை எட்டிப் பார்ப்பாள். பன்னிரண்டு வயது. அவளுடைய ஃபோனை அவர் கடையில் வாங்கவில்லை. ஐந்து செத்த ஃபோன்களிலிருந்து பிழைத்த பாகங்களை எடுத்துத் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தார். அது அவளுக்குப் பிடித்திருந்ததா என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், லிஃப்ட் கம்பெனியில் மேலாளர். இரண்டு பையன்கள். கல்யாணமான நாளிலிருந்து ஐசியூ அவரிடம் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்க முயன்று வந்தார். கிடைக்கவில்லை. சகலை பெருமை அடிப்பவரில்லை, மட்டம் தட்டுபவருமில்லை. பொறாமைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். எல்லாப் பக்கமும் வழவழவென்றிருக்கும் மனிதர் மேல் பொறாமைப்படுவது போன்ற வேதனை வேறில்லை. போதாததற்கு உறவுமுறையே அவரைத் தூக்கி மேலே வைத்திருந்தது. தன் மகளுக்கு அவர் பெரியப்பா. அவருடைய பையன்களுக்குத் தான் சித்தப்பா.

அக்கா தங்கை இரண்டு பேரும் பல வருடமாகப் பேசிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பயணம் ஒரு கோடை விடுமுறையில் கைகூடியது. இரண்டு குடும்பமும் சேர்ந்து. விசா, விமானம், தங்கும் இடம் எல்லாம் சகலை பார்த்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசி முடித்த அன்று, தனக்கென்று எதுவும் மிஞ்சவில்லை என்பதை ஐசியூ கவனித்தார்.

"பிள்ளைங்க ஃபோன் என் பொறுப்பு," என்றார். "அந்த ஊர்ல இறங்கினதும் மூணு பேருக்கும் நெட் இருக்கும். அதை யாரும் தொட வேணாம்."

யாரும் தொடுவதாக இல்லை. கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்தால் என்ன செய்வது என்பதுதான் மனைவியின் அக்காவுக்கு இருந்த ஒரே பயம். வீட்டிலேயே ஃபோன் கடைக்காரர் இருக்கும்போது அந்தக் கவலை விட்டது என்று அவர் நிம்மதியாகச் சொன்னார். ஐசியூவுக்கு அந்த வாரம் முழுக்க நடை வேறு மாதிரி இருந்தது. பயணத்துக்கான சிம் கார்டு நான்கு வரவழைத்தார், பிள்ளைகளுக்கு மூன்று, தனக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, சிம் தட்டைத் திறக்கும் ஊசியையும் கூடவே வைத்தார்.

பையன்களிடம் இப்போது என்ன ஃபோன் இருக்கிறது என்று அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னாள் மனைவி.

"எதுக்கு? அவர் லிஃப்ட் மாட்டும்போது என்னைக் கேட்டுட்டா மாட்டுறார்?"

இறங்கிய விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் பட்டைக்கு எதிரே, பிள்ளைகளை வரிசையாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். பெரிய பையனின் ஃபோனை வாங்கி விளிம்பைத் தடவினார். ஊசி நுழையும் துளை அங்கே இல்லை. கீழே தடவினார், மேலே தடவினார். வாசலில்லாத வீட்டைச் சுற்றி வருகிறவர் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சித்தப்பா, இதுல ஓட்டையே கிடையாது," என்றான் பையன். "சிம் உள்ளயே இருக்கும். புதுசு."

சின்னவனுடையதும் அதேதான். புது மாடல் ஃபோன் எதுவும் அவர் கவுண்டருக்கு உடனே வருவதில்லை. அது விற்று, பழகி, கீழே விழுந்து, கைவிடப்பட்ட பிறகுதான் வரும். உலகத்தை எப்போதும் மூன்று வருடம் தாமதமாகப் பார்க்கும் தொழில் அது. அப்படி ஒரு மாடல் வந்திருப்பது அவர் காதில் விழுந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தது அன்றுதான்.

மகளின் ஃபோனில் துளை இருந்தது. சிம் போட்டார். சேவை இல்லை என்று வந்தது. அணைத்துப் போட்டார். அதேதான். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரே மாடலை ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் அலைவரிசைக்கு ஏற்பத் தனித்தனியாகச் செய்வார்கள். அவர் அந்த ஃபோனுக்குள் போட்ட போர்டு வேறு ஏதோ ஊருக்காகச் செய்தது. தன் ஊரில் எப்படியோ ஓடியது, இங்கே ஓடாது. சிம்மின் மேல் தவறில்லை, தான் கட்டிய ஃபோன்தான் தவறு.

"சிம் சரியில்ல," என்றார். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

மகள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் சகலை தோள்பையில் கைவிட்டு, சோப்புக்கட்டி அளவில் வெள்ளையாக ஒரு பெட்டியை எடுத்தார். பாக்கெட் வைஃபை, கையோடு எடுத்துப்போகும் நெட் பெட்டி. ஆஃபீஸில் வெளியூர் போகிறவர்கள் எடுத்துப்போவதை எதற்கும் இருக்கட்டும் என்று தானும் வாங்கி வந்ததாக, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். பித்தானை அழுத்தி, பிள்ளைகளுக்குக் கடவுச்சொல்லைச் சொன்னார். மூன்று ஃபோன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன. மூன்றாவதாகக் கிணுகிணுத்தது ஐசியூ கட்டிய ஃபோன்.

"வந்துடுச்சு பெரியப்பா," என்றாள் மகள்.

சகலை பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களை ஐசியூ அந்தச் சட்டைப்பையைப் பார்த்தே கழித்தார் என்று சொன்னால் மிகையில்லை. அந்த ஊரில் ஆறு இருந்தது, அதன் மேல் அழகான பாலங்கள் இருந்தன, பெரிய அருங்காட்சியகம் இருந்தது. அவர் கண்டதெல்லாம் பெட்டியின் வீச்சுதான். கூட்டமான இடங்களில் இருபது அடி தாண்டினால் பிள்ளைகளின் ஃபோனில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் சகலை எங்கே நடந்தாலும் பிள்ளைகள் கோழிக்குஞ்சு மாதிரி பின்னாலேயே போனார்கள். அவர் நின்றால் நின்றார்கள். கழிப்பறைக்குப் போனால் வாசலில் காத்திருந்தார்கள். தொலைந்துபோவார்கள் என்ற பயம் யாருக்கும் இல்லாமல் போனது. கயிறு இல்லாமல் கட்டிப்போட்டது போல இருந்தது.

நெருக்கம் என்பதை மனத்துக்குள் நடக்கும் காரியமாகவே நாம் பேசிக்கொள்கிறோம். அதை அடிக்கணக்கில் அளக்கலாம் என்று அவருக்கு அங்கேதான் தெரிந்தது. பையன்கள் தங்கள் அப்பாவோடு ஒட்டிக்கொண்டதில் அவருக்கு ஒன்றுமில்லை. மகள் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஊரில் முக்காலிக்கும் தன் முழங்கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். இங்கே அவள் எப்போதும் முன்னால், இன்னொருவரின் நிழலில்.

சகலைக்கு ஒரு பழக்கம். எங்கே லிஃப்டைக் கண்டாலும் நின்றுவிடுவார். கதவு மூடும் விதத்தைப் பார்ப்பார், உள்ளே எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய தகட்டைப் படிப்பார், குதிரையைத் தட்டுவது போல அதன் பக்கச்சுவரைத் தட்டுவார். பையன்களுக்கு இது அலுத்துப்போன விஷயம், நின்ற இடத்தில் விளையாட்டைத் தொடர்வார்கள். ஐசியூவின் மகள் மட்டும் அவரோடு சேர்ந்து அந்தத் தகட்டைப் படித்தாள். ஒருமுறை அவளும் தட்டிப் பார்த்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த ஐசியூவுக்கு அந்தத் தட்டல் தன் முதுகில் விழுந்தது போல இருந்தது.

"காதுல புகை வருது உங்களுக்கு," என்றாள் மனைவி.

"எனக்கென்ன. நெட்டுக்காகத்தானே சுத்துறா."

"அப்படின்னா விடுங்க."

விட முடியவில்லை. தன் ஃபோனிலிருந்து அவளுக்கு இணைப்பைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று பார்த்தார். அவர் வாங்கிய சிம்மில் அந்த வசதி இல்லை. சாப்பிடப் போன இடத்தில் அவளைத் தன் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிட்டார். வந்தாள், ஆனால் பெட்டி மேசையின் அந்தக் கோடியில் இருந்ததால் உடம்பை அந்தப் பக்கமே சாய்த்து உட்கார்ந்தாள். ரயிலில் கூட்டம் தள்ளியதில் இரண்டு குடும்பமும் வேறு வேறு பெட்டியில் ஏற வேண்டியதாயிற்று. மகள் தங்களோடு இல்லை என்று கண்டு அவர் அவசரமாக எங்கே இருக்கிறாய் என்று செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. பெரியப்பா கூட. அவ்வளவுதான். எந்த அப்பாவுக்கும் நிம்மதி தரக்கூடிய பதில். அவர் அதையே பார்த்துக்கொண்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட இருந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் காலை, ஹோட்டல் வாசலில், அவர் சகலையிடம் போனார். ராத்திரியே யோசித்து வைத்த வாக்கியம்.

"சட்டைப்பை தொங்குது சகல. இன்னைக்கு நான் வச்சுக்கிறேனே."

"இந்தாங்க," என்று சகலை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இத்தனை நாள் தான் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்த ஒரு பொருளை அந்த மனிதர் கைக்குட்டையைக் கொடுப்பது போலக் கொடுத்ததும் ஐசியூவுக்கு ஒரு குத்தல். அது சகலைக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை என்றல்லவா ஆகிறது. இருந்தாலும் வாங்கிப் பையில் போட்டார். கொஞ்சம் சூடாக, உயிருள்ளது போல நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

அன்றைக்குப் போனது ஊருக்கு வெளியே ஒரு பெரிய பூங்கா. நடுவில் ஏரி, ஏரியைத் தாண்டி மேட்டில் ஒரு பார்வைக் கோபுரம். ஐசியூ முன்னால் நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே இடதுபுறம் திரும்பினார், காலடிகளும் திரும்பின. ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார், அவையும் சுற்றின.

"சித்தப்பா, மெதுவாப் போங்க, கேம் கட்டாகுது," என்று சின்னவன் கத்தினான்.

அந்தக் குரல் அவருக்குத் தேனாக இருந்தது. மெதுவாக நடந்தார். பிறகு கொஞ்சம் வேகமாக நடந்து மறுபடி அதைக் கேட்டார். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சுக்கு வந்ததும், மகளுக்குப் பக்கத்தில் இடம்விட்டு உட்காரலாம் என்று திரும்பினார்.

இரண்டு பையன்கள்தான் நின்றார்கள்.

மகள் வெகு தூரத்தில், ஏரியின் அந்த வளைவில் வந்துகொண்டிருந்தாள். பெரியப்பாவோடு. பெட்டியின் வீச்சு அங்கே நிச்சயம் எட்டாது. அவள் கையில் ஃபோனும் இல்லை. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள், சகலை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். நெட்டுக்காகச் சுற்றுகிறாள் என்று இத்தனை நாள் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டது பொறாமையின் வார்த்தை என்றுதான் மனைவி நினைத்தாள். உண்மையில் அதுதான் அவருடைய ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

பையன்களைப் பெஞ்சிலேயே இருக்கச் சொல்லி, பெட்டியை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, வேறு வழியாக மேட்டில் ஏறினார். அவர்கள் இருவரும் எங்கே போவார்கள் என்று அவருக்குத் தெரியும். கோபுரத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு கண்ணாடி லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சகலை அதைப் பார்க்காமல் போகமாட்டார். லிஃப்டுக்காக நின்ற வரிசையின் ஓரத்தில் ஒரு தடித்த தூண். ஐசியூ அதன் பின்னால் நின்றார். தன் மகள் பேசுவதை ஒளிந்து நின்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவருக்குத் தோன்றாமலில்லை. தோன்றியும் நின்றார்.

அவள் தன் ஃபோனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டிஸ்ப்ளே ஒருத்தரோடது. கேமரா ஒரு டீச்சரோடது. ஸ்பீக்கர் மட்டும் கடல்ல விழுந்த ஃபோன்லேருந்து எடுத்தது பெரியப்பா, அதான் பாட்டு கேட்டா தண்ணிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும். அஞ்சும் செத்தது. அப்பா ஒண்ணா ஆக்கிட்டார். என் கிளாஸ்ல யார்கிட்டயும் இப்படிக் கிடையாது."

"உங்கப்பா கை அப்படி," என்றார் சகலை. "எனக்கு வீட்ல பல்பு மாத்தச் சொன்னாலே கை நடுங்கும்."

"ஒரு விஷயம் சொல்றேன், நீங்க அப்பாகிட்ட கேக்கக் கூடாது. சிக்னல் வராதது சிம்மால இல்ல. உள்ள இருக்கிற போர்டு வேற ஊருக்குப் பண்ணது. அப்பாவுக்கு ஏர்போர்ட்லயே தெரிஞ்சிருக்கும்."

"நான் எதுக்கும்மா கேக்கப்போறேன். நான்தான் நாலு நாளா அந்த சிம் கம்பெனிக்காரனைத் திட்டிட்டிருக்கேனே. இப்ப நிறுத்தினா உங்கப்பாவுக்குச் சந்தேகம் வரும். இன்னும் ரெண்டு நாள் திட்டறேன்."

இருவரும் சிரித்தார்கள்.

தூணின் பின்னால் நின்ற மனிதர் அந்த நேரத்தில் நெகிழ்ந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கொஞ்சம் நெகிழ்ந்தார்தான். ஆனால் முந்திக்கொண்டு வந்தது வேறொன்று. அவர் முக்காலிக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் காத்திருந்த வார்த்தைகள் கடைசியில் சொல்லப்பட்டுவிட்டன, போய்ச் சேர்ந்தது இன்னொருவர் காதில். நம்மைப் பற்றிய மிக நல்ல பேச்சு எப்போதும் நாம் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. அதைத் தாங்கிக்கொள்வதற்குத்தான் பெருந்தன்மை என்று பெயர் போலும். அவருக்கு அது வரவில்லை. மகள் தன்னைப் புகழ்ந்ததற்கும், தன் பொய்யை மூடிக் காப்பாற்றியதற்கும் சேர்த்து, அவற்றைக் கேட்ட காதின் மேல் பொறாமைப்பட்டார்.

கீழே இறங்கிப் போய்ப் பையன்களைக் கூட்டிவந்தார். இந்த முறை நேர்வழியாக வந்து சகலையிடம் பெட்டியை நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க சகல. நெஞ்சு சுடுது."

சகலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையன்கள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே இடம் மாறி அவர் பின்னால் போய் நின்றார்கள். லிஃப்ட் வந்தது. அவர்கள் மூவரும் ஏறியதும் இடம் நிரம்பிவிட்டது. கண்ணாடிக்கு உள்ளிருந்து சகலை கையசைத்துக்கொண்டே மேலே போனார். கீழே அப்பாவும் மகளும் நின்றார்கள். இரண்டு அம்மாக்களும் அப்போதுதான் மேட்டின் கீழே வந்துகொண்டிருந்தார்கள்.

"சிம் இல்லடா. போர்டு," என்றார் ஐசியூ.

"தெரியும்பா."

"தெரிஞ்சா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்ககிட்ட சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுப்பீங்க. பெரியப்பாகிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாது."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. இந்தத் திருகாணி இந்த மாடலுக்குச் சேராது என்று சொல்கிற குரல்தான். அந்தக் குரலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவர் கவுண்டர்.

"அவர்கிட்ட வேற என்னல்லாம் சொல்லியிருக்க?"

"போங்கப்பா," என்று சிரித்தாள். மேலே ஏறும் கண்ணாடிக் கூண்டை அண்ணாந்து பார்த்தாள். அவள் கையிலிருந்த ஃபோனில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி அண்ணாந்தாள். கூண்டைப் பார்க்கிறாளா, கூண்டில் போகிறவரைப் பார்க்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. உருப்பெருக்கி வைத்துப் பார்க்கும் சமாசாரம் அல்ல அது.

சகலை சொன்னபடி இன்னும் இரண்டு நாள் சிம் கம்பெனிக்காரனைத் திட்டினார், ஐசியூவும் கூடச் சேர்ந்து திட்டினார். பயணம் முடிந்து ஊருக்குத் திரும்பினார்கள். பள்ளி திறந்தது. மகள் பழையபடி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் வாரத்திலேயே அவர் எல்லா ஊருக்கும் ஒத்துவருகிற ஒரு போர்டைத் தேடி வாங்கிவிட்டார். நல்ல போர்டு, அவர் கைக்கு இதுவரை வந்ததிலேயே நல்லது. ரப்பர் விரிப்பில் அதை வைத்து, விளக்கைக் கீழே இழுத்து, ட்வீசரை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"கொடு. மாத்திடறேன். இனிமே எந்த ஊருக்குப் போனாலும் யாரையும் எதிர்பார்க்க வேணாம்."

அவள் ஃபோனைக் கொடுக்கவில்லை. வீட்டுப்பாடத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள். "வேணாம்பா. இது இப்படியே இருக்கட்டும்."

வேறு எந்த அப்பாவும் அந்த வார்த்தையை அப்படியே வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பார். தன் கை கட்டியதை மாற்ற மனமில்லை என்கிறாள் மகள், இதைவிட என்ன வேண்டும். ஐசியூவுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. போர்டை மறுபடி உறைக்குள் போட்டார். பக்கத்துக் கவுண்டரில் யாரோ இரண்டு பேர் வந்து நின்றார்கள், அவர் கவனிக்கவில்லை. அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. இந்தப் போர்டு மாறாதவரை, அடுத்த பயணத்திலும் அவளுக்குப் பெரியப்பாவின் சட்டைப்பை வேண்டியிருக்கும்.

போர்டை உறையிலிருந்து மீண்டும் எடுத்தார். அவளைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாமா என்று வாயைத் திறந்தார். கேட்டால் என்ன சொல்வாள் என்பது அவருக்குத் தெரியும். மூஞ்சி ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருப்பதை அவரே உணர்ந்தார்.

போர்டை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, வேறொருவரின் செத்த ஃபோனைத் திறந்தார்.